வீடு பளிச்சென்று இருந்தால் போதுமா? புதுக் குடித்தனக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு ரப்பர்த் தோட்டப் பட்டணத்தில் புதிதாகத் தனிக்குடித்தனம் தொடங்கியவர்களிடம் வீட்டை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "கூட்டிக் கழுவிச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம்" என்றே பெரும்பாலும் பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கும். கூடத்துத் தரை பளபளக்கும், சாமி மேடையில் தூசி இராது, நாற்காலி மெத்தைகள் வரிசை குலையாமல் இருக்கும். அதே வீட்டுக்கு மருத்துவமனையிலிருந்து தம்பி கூப்பிட்டு, "அக்கா, அம்மாவோட கிளினிக் புத்தகம் எங்க இருக்கு? என்ன மருந்து சாப்பிடுறாங்கன்னு டாக்டர் கேக்குறாரு" என்று சொன்னதும், அலமாரியின் இழுப்பறைகள் ஒவ்வொன்றாகக் கட்டிலின்மேல் கொட்டப்படும். புத்தகம் கடைசியில் தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, தீபாவளிக்கு வீடு துடைத்தபோது யாரோ பத்திரப்படுத்திய பிஸ்கட் டின்னுக்குள்ளோ கிடைக்கும்.

நேர்த்தியாக வைத்திருப்பதும் ஒழுங்கமைத்து வைத்திருப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள். பொருள்கள் கண்ணை உறுத்தாமல் இருந்தால் வீடு நேர்த்தியாகிவிடும். ஒழுங்கமைந்த வீட்டிலோ, தேவைப்படும் நாளில், தேவைப்படும் ஆளுக்கு, பொருள் தேடாமல் கிடைக்க வேண்டும். முதலாவதை ஒருவரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் செய்து முடித்துவிடலாம். இரண்டாவதற்கு வீட்டில் உள்ள எல்லாரும் உடன்பட வேண்டும் என்பதால், அது சில வாரங்களாவது பிடிக்கும்.

உங்கள் வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, ஏதேனும் ஒரு பொருளை எடுத்துவரச் சொல்லுங்கள். அதன் இடத்தை ஒரே வாக்கியத்தில் நீங்கள் சொல்ல முடிந்து, அவரும் வேறு எதையும் புரட்டாமல் அதை எடுத்துவிட்டால், அந்தப் பொருளைப் பொறுத்தவரை வீடு ஒழுங்கமைந்திருக்கிறது. "அங்கதான் எங்கேயோ இருக்கும், நான் வந்து எடுத்துத் தர்றேன்" என்று சொல்ல நேர்ந்தால், ஒழுங்கு உங்கள் தலைக்குள் இருக்கிறதே தவிர வீட்டில் இல்லை.

ஒழுங்கமைந்த வீடு பார்க்க அழகாகத்தான் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ரவிக்கை தைத்துக் கொடுக்கும் ஓர் அக்காவின் மேசையை எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், பலரும் பார்த்திருப்பார்கள். துணித்துண்டுகளும் நூற்கண்டுகளும் மேசை கொள்ளாமல் கிடக்கும். ஆனால் ஒவ்வொருவரின் அளவு ரவிக்கையும், துணியும், பாக்கித் தொகை எழுதிய சீட்டும் ஒரே பையில், பையின் வாயில் பெயர் எழுதிய துண்டோடு தொங்கும். அவர் வீட்டில் இல்லாத நேரத்திலும் பள்ளிக்கூடப் பையன் சரியான பையை எடுத்துக் கொடுத்துவிடுகிறான். நேர்த்தியில் அவருக்குக் குறைந்த மதிப்பெண்தான் கிடைக்கும். ஒழுங்கமைப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இந்த வேலை நம் தலையில் எப்படி விழுந்தது

தோட்டத்தில் தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் வாழ்ந்த தலைமுறைக்கு இது இவ்வளவு பெரிய சிக்கலாக இருந்ததில்லை. வீட்டை ஒழுங்கமைக்கும் பொறுப்பில் பெரும்பகுதியைத் தோட்ட நிர்வாகமே வைத்துக்கொண்டிருந்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்க நடந்த பெரட்டு, குடும்பத்தின் நேரத்தை வகுத்துக் கொடுத்தது. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்பது தோட்டக் கணக்கரான கிராணியின் வருகைப் பதிவேட்டில், அதாவது செக்ரோலில், இருந்தது. எந்தப் பிள்ளைக்கு எப்போது ஊசி போட வேண்டும் என்பது தோட்ட மருந்தகத்தின் டிரஸ்சருக்குத் தெரிந்திருந்தது. ஊழியர் சேமநிதி எண்ணை மறந்தவர் தோட்ட ஆபீசுக்குப் போய்க் கேட்டுக்கொண்டார். இந்த ஏற்பாட்டில் தொழிலாளிக்கு இழப்பும் இருந்தது. தன்னைப் பற்றிய தாள்கள் எதுவுமே தன் கையில் இல்லாமல் ஆயுள் முழுவதும் உழைத்தவர்கள் பலர்.

தோட்டம் கைமாறியோ, நிலம் வீடமைப்புக்குப் போயோ, குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு வந்தபோது கிராணி கூட வரவில்லை. அவர் பார்த்த வேலை மட்டும் வந்து சேர்ந்தது. வீடும் பெரிதாயிற்று, பொருள்களும் பெருகின. கூட்டிப் பெருக்குவதை அம்மாவும் பாட்டியும் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கணக்கும் தாளும் தேதியும் பார்த்துக்கொள்வதைக் கற்றுக்கொடுக்க அவர்களுக்கே வாய்ப்பில்லை. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைத் தெரியாமல் இருப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

முதல் வாரம்: எதையும் வாங்க வேண்டாம்

ஒழுங்கமைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவுடன் பலரும் செய்வது, பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குப் போய் ஒரே அளவில் பத்து பிளாஸ்டிக் டப்பாக்களை வாங்கி வருவது. தயவுசெய்து அதை ஒத்திப்போடுங்கள். எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாங்கிய டப்பா, குழப்பத்தை மூடி போட்டு மறைத்துவிடும். மூடிய குழப்பத்தை யாரும் திரும்பத் திறப்பதில்லை.

அதற்குப் பதிலாக ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். அந்த வாரம் முழுவதும், வீட்டில் யாராவது "எங்கே?" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும், கேட்ட பொருள், கேட்டவர், கடைசியில் அது கிடைத்த இடம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். மோட்டார் சாவி, நகவெட்டி, வெள்ளைச் சட்டை, தண்ணீர்க் கட்டண பில், கத்தரிக்கோல், பள்ளிக்கூடக் கடிதம் என்று பட்டியல் நீளும். வார முடிவில் அதைப் படித்தால், வீட்டில் தேடப்படும் பொருள்கள் மூன்று வகையில் அடங்குவது தெரியும். சிலவற்றுக்கு இடமே இல்லை. வைத்த இடமே இடம். சிலவற்றுக்கு இரண்டு மூன்று இடங்கள் இருக்கும். கத்தரிக்கோல் பெரும்பாலும் இந்த வகைதான். மீதமுள்ளவற்றுக்கு ஓர் இடம் உண்டு, ஆனால் அதை அறிந்தவர் வீட்டில் ஒரே ஒருவர். இந்தக் கடைசி வகைக்கு முதல் கவனம் தாருங்கள், ஏனென்றால் அந்த ஒருவர் மருத்துவமனையில் படுத்திருக்கும் நாளில்தான் அந்தப் பொருள் தேவைப்படும்.

தாள்கள்: எல்லாவற்றுக்கும் முன்

அடுக்களையைவிட, துணி அலமாரியைவிட, ஆவணங்களிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் திடமான கருத்து. ஒரு கரண்டி தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தால் தேசியப் பதிவிலாகாவின் முகப்பில் வரிசையில் நிற்க வேண்டும், வேலைக்கு விடுப்புப் போட வேண்டும், சில சமயம் பெற்றோரின் பழைய தாள்களையும் தேடி எடுக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து, பிறப்பு உரிய காலத்தில் பதிவாகாமல், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையுடனோ அதுவும் இல்லாமலோ காலம் தள்ளியவர்களின் கதை நம் சமூகத்துக்குப் புதிதன்று. தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும். அந்தக் கெடு தவறினால் பின்னர் கேட்கப்படும் சான்றுகளில் தாய் தந்தையரின் திருமணப் பதிவும் அவர்களுடைய சொந்த ஆவணங்களும் அடங்கும். தாத்தா பாட்டியின் மங்கிப்போன தாள் என்று எதையும் அவசரப்பட்டுக் கழிக்காதீர்கள்.

வீட்டில் உள்ள எல்லாத் தாள்களையும் ஒரே இடத்தில் குவித்து, மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, ஆளுக்குரிய தாள்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி உறை. உறையின்மேல் பெரிய எழுத்தில் பெயர். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ்கள், எஸ்.பி.எம். தேர்வு முடிவு, பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகம், சேமநிதித் தாள்கள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் தாள்கள் இதில் போகும். பிள்ளை 12 வயதில் மைகார்டு அடையாள அட்டை எடுக்கும்போதும், 18 வயதில் அதை மாற்றும்போதும் இந்த உறையைத்தான் கையில் எடுக்கப் போகிறீர்கள்.

இரண்டாவது, வீட்டுக்குரிய தாள்கள்: வீடு வாங்கிய ஒப்பந்தம், நிலவரி, மதிப்பீட்டு வரி, மின்சாரக் கணக்கு எண், வண்டியின் பதிவுப் பத்திரம், காப்புறுதி. பழைய குடும்பங்களில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத் தாள்களும் இருக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய அச்சங்கத்தில் தாத்தாவோ பாட்டியோ பணம் கட்டிச் சேர்ந்திருப்பார்கள். அந்தத் தாள் இன்று தையல் ஊசி டின்னுக்குள் மடங்கிக் கிடக்கும். அதை எடுத்து இந்த உறையில் வையுங்கள்.

மூன்றாவது, நடப்புத் தாள்கள்: இந்த மாத பில், பள்ளியிலிருந்து வந்து கையெழுத்துக்குக் காத்திருக்கும் கடிதம், கிளினிக்கின் அடுத்த தேதி எழுதிய சீட்டு. இவற்றை முதல் இரண்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் ஆவணங்கள் தொலைவதற்கு நான் காணும் காரணம் இந்தக் கலப்புதான். தினமும் திறக்கும் இழுப்பறையில் பிறப்புச் சான்றிதழும் கிடந்தால், மின்சார பில்லைத் தேடும் ஒவ்வொரு முறையும் அது ஓர் அங்குலம் நகரும். ஒருநாள் பழைய பில்களோடு சேர்ந்து குப்பைக்கும் போகும். நடப்புத் தாள்களைக் கண்ணில் படும்படி ஒரு கொக்கியில் கிளிப் போட்டுத் தொங்கவிடலாம். பார்வைக்கு அது அவ்வளவு நேர்த்தியாக இராது, பரவாயில்லை.

முதல் இரண்டு வகை உறைகளையும் எங்கே வைப்பது என்பதில் நம் நாட்டின் தட்பவெப்பத்தை மறக்கக் கூடாது. காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும் ஊரில், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் தாள் வைத்தால் பூசணம் பிடிக்கும். சுவரோடு ஒட்டிய மர அலமாரியின் அடித்தட்டில் வைத்தால் கறையான் வரும். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தாக்கிய வெள்ளத்தில், வீட்டைக் காலி செய்ய நேரமில்லாமல் ஆவணங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் ஏராளம். ஆகவே தண்ணீர் புகாத ஜிப் பைகளில் இட்டு, எல்லா உறைகளையும் ஒரே தோள்பையில் போட்டு, இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். வெள்ளம் வந்தாலும் தீ பிடித்தாலும் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் அந்தப் பை என்று வெளியேற முடிய வேண்டும்.

நகல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா ஆவணங்களையும் தொலைபேசியில் படம் பிடித்து வைப்பது நல்லது, ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவைப்பது நல்லதன்று. அடையாள அட்டையின் நகலை யாரிடமாவது கொடுக்கும்போது, குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்பதை மலாயில் எழுதிக் கொடுங்கள். ஊரில் பலரும் கடைப்பிடிக்கும் வழக்கம்தான் இது. புதியவர்கள் சிலர் அறியாமல் இருக்கிறார்கள்.

இந்தப் பையை அடுக்கும்போதே ஒன்றைச் சரிபார்த்துவிடலாம். சேமநிதிக் கணக்கில் நியமனதாரரின் பெயர் பதிவாகியிருக்கிறதா? கணக்குக்கு உரியவர் இறந்த பிறகு, நியமனம் இல்லாத பணத்தை வாங்கக் குடும்பம் படும் அலைச்சல் பெரிது. வீட்டுத் துக்கத்தின் நடுவே அதைச் செய்ய வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இன்று ஒரு மணி நேரம் செலவிடுவது பெரிதாகத் தோன்றாது.

தேதிகளுக்கும் ஓர் இடம் வேண்டும்

மளிகைக் கடையிலோ கோயிலிலோ கொடுத்த பெரிய நாள்காட்டி எல்லார் வீட்டிலும் தொங்குகிறது. அமாவாசை, கிருத்திகை பார்ப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது வீண். கிளினிக் தேதி, பள்ளிக் கட்டணக் கெடு, தண்ணீர் வடிகட்டி மாற்ற வேண்டிய மாதம் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். வண்டிகளின் சாலை வரியையும் கட்டாயம் எழுத வேண்டும். 2023 பிப்ரவரியிலிருந்து சொந்தக் கார், மோட்டார் சைக்கிளில் சாலை வரி வில்லையை ஒட்டத் தேவையில்லை. விவரம் கைப்பேசிச் செயலியில் இருக்கிறது. கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது, ஆனால் தினமும் கண்ணில் பட்டு நினைவூட்டிக்கொண்டிருந்த தேதியும் போய்விட்டது. காலாவதியாகிச் சில வாரம் ஆன பிறகு சாலைத் தடுப்பில் தெரிந்துகொள்வதைவிட, நாள்காட்டியில் ஒரு மாதம் முன்பாகவே சிவப்பு மையில் எழுதி வைப்பது மலிவு.

அன்றாடப் பொருள்கள்: நடக்கும் வழியில்

ஒரு பொருளுக்கு இடம் குறிக்கும்போது, அது எங்கே அழகாக இருக்கும் என்று பார்க்காமல், வீட்டார் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று பாருங்கள். தொழிற்சாலை பேருந்து விடியற்காலையில் வந்து நிற்கும் வீட்டில், வேலை அட்டையும் தொப்பியும் சாவியும் கதவை ஒட்டிய கொக்கியில்தான் இருக்க வேண்டும். படுக்கையறை மேசையில் வைத்தால், தூங்கும் பிள்ளையை எழுப்பித்தான் வேலைக்குப் போக முடியும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களின் வீட்டில் நெற்றி விளக்கு, கத்தி, தீட்டும் கல், கொசுவத்திச் சுருள் எல்லாம் ஒரே வாளியில் அஞ்சடியில், அதாவது வாசல் நடையில், இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இருட்டில், கையால் தடவி எடுக்கும்படி அமைத்த ஏற்பாடு அது.

இதே முறையில் பள்ளிப் பை வைக்க ஒரு மூலை, மழைக்கோட்டு மாட்ட ஒரு ஆணி, மின்னூட்டிகளுக்கு ஒரு கூடை என்று வகுத்துக்கொள்ளலாம். கத்தரிக்கோலுக்கு மட்டும் விதிவிலக்கு: அடுக்களைக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று என்று இரண்டு வாங்கிவிடுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு ஒழுங்கு காப்பது முனிவர்களுக்கும் முடியாது.

துணிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிச் சீருடையும் வேலைச் சீருடையும் மற்றத் துணிகளோடு கலவாமல் தனித்தட்டில் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பட்டுப் புடவையை மட்டும் பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காமல், பழைய பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பு மாற்றி வையுங்கள்.

அடுக்களை

இங்கேதான் நேர்த்தியும் ஒழுங்கமைப்பும் நேருக்கு நேர் மோதுகின்றன. மசாலா வகைகளை ஒரே மாதிரிக் கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பி வரிசையாக வைத்தால் பார்க்க மிக அழகாக இருக்கும். மிளகாய்த்தூள், இறைச்சிக் கறித்தூள், மீன் கறித்தூள் மூன்றும் ஏறக்குறைய ஒரே நிறம். வைத்தவருக்கு எது எது என்று தெரியும். அவர் இல்லாத நாளில் கோழிக் குழம்பு மீன் குழம்பாகிவிடும். போத்தல் எதுவாக இருந்தாலும் அதில் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டி, பெயரையும் மில்லில் அரைத்த மாதத்தையும் எழுதுங்கள். பொட்டலத்திலிருந்து கொட்டியதாக இருந்தால் காலாவதித் தேதியையும் வெட்டி ஒட்டிவிடுங்கள்.

அரிசியில் பலரும் செய்யும் ஒரு பழக்கத்தைக் கைவிட வேண்டும். புதிய 10 கிலோ மூட்டையைப் பிரித்து வாளியில் எஞ்சியிருக்கும் பழைய அரிசியின்மேல் கொட்டினால், அடியில் இருப்பது அடியிலேயே இருந்து வண்டு பிடிக்கும். பழையதை ஒரு பாத்திரத்தில் எடுத்து, வாளியைத் துடைத்துக் காயவைத்து, புதியதைக் கொட்டி, பழையதை மேலே போடுங்கள். டின் மீன், மாவு, தேங்காய்ப்பால் பொட்டலம் என எல்லாவற்றுக்கும் இதே முறை பொருந்தும்: புதியது பின்னால், பழையது முன்னால்.

உதவித்தொகை விலையில் கிடைக்கும் 1 கிலோ எண்ணெய்ப் பொட்டலம் 2 ரிங்கிட் 50 காசு என்பதால், கிடைக்கும்போது வாங்கி வைக்கும் வீடுகள் பல. அது மெல்லிய பை. தட்டில் மற்றச் சாமான்களோடு அடுக்கினால், ஒன்று ஓட்டையானாலும் தட்டு முழுவதும் எண்ணெயாகும், எறும்பும் வரும். ஓர் ஆழமான தட்டத்தில் நிற்கவைத்து, தனியாக வையுங்கள். எரிவாயுத் தோம்பு மாற்றிய தேதியைத் தோம்பின்மேலேயே எழுதி ஒட்டினால், உங்கள் வீட்டுக்கு ஒரு தோம்பு எத்தனை நாள் வருகிறது என்பது இரண்டு மூன்று மாற்றங்களில் தெரிந்துவிடும். பொங்கல் பானை பாதி கொதித்த நிலையில் நெருப்பு அணைவதை அப்போது தவிர்க்கலாம்.

தட்டுகளை உயரத்தைக் கொண்டு பிரியுங்கள். தினமும் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில், கனமானது கீழே, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் அண்டாவும் முறுக்குக் குழலும் மேலே. மேல்தட்டில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினால், நாற்காலி போட்டு ஏறிப் பார்க்கும் வேலை மிச்சம்.

மருந்துகள்

நேர்த்தி எங்கே ஆபத்தாகிறது என்பதற்கு இது சான்று. அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரைப் பைகளில் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு, வேளை எல்லாம் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். அந்தப் பைகள் பார்க்க நன்றாக இல்லை என்று மாத்திரைகளை அழகான டப்பாவுக்கு மாற்றிவிட்டு, பைகளை எறிந்துவிடும் வீடுகள் இருக்கின்றன. அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரையும் அம்மாவின் நீரிழிவு மாத்திரையும் இரண்டுமே வெள்ளையாக, வட்டமாக இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மாத்திரைகளை அவற்றின் சொந்தப் பையிலேயே விட்டு, ஆளுக்கொரு டப்பாவில் பையோடு போடுங்கள். கிளினிக் புத்தகத்தையும் அதே டப்பாவில் வையுங்கள். திறக்காத இன்சுலினை ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டும், ஆனால் உறைய விடக் கூடாது. உறைந்துபோனதைப் பயன்படுத்தவும் கூடாது. டப்பாக்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், பெரியவர்கள் அனைவருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

கொல்லைப்புறம்

வீட்டுக்குள்ளிருந்து அகற்றியதெல்லாம் போய்ச் சேரும் இடம் இது. உடைந்த மின்விசிறி, பழைய டயர், பூச்செடிக்கு ஆகும் என்று தோட்டத்திலிருந்து கொண்டுவந்த ரப்பர் பால் கோப்பைகள், பெயிண்ட் டின்கள். உள்ளே நேர்த்தியாகிவிட்டது என்று நிம்மதி கொள்வதற்குள் மழை பெய்து இவை அனைத்திலும் தண்ணீர் தேங்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும்; ஆகவே வாரத்துக்கு ஒருமுறை கொல்லையைச் சுற்றிவந்து தேங்கிய நீரைக் கொட்டுவது, இந்த வழிகாட்டியில் உள்ளவற்றில் தள்ளிப்போடவே கூடாத வேலை. அதைவிட மேலானது, தண்ணீர் தேங்கக்கூடிய பொருளைக் கூரைக்கடியில் கவிழ்த்து வைப்பது. ஓராண்டாகத் தொடாத இரும்புச் சாமான்களைப் பழைய இரும்பு வாங்க வரும் லோரிக்காரரிடம் கொடுத்துவிடலாம்.

வீட்டார் எல்லாரையும் சேர்ப்பது

ஒருவர் மட்டும் இடம் வகுத்து, மற்றவர்கள் கீழ்ப்படிய வேண்டும் என்றால் ஏற்பாடு ஒரு மாதம் தாங்காது. குறிப்பாக மாமியாரோடு சேர்ந்து வாழும் வீட்டில், பல ஆண்டுகளாக அவர் கைப்பட்ட அடுக்களையை மருமகள் ஒரே நாளில் மாற்றி அடுக்கினால் வருத்தம்தான் மிஞ்சும். "அத்தை, புளியும் பருப்பும் எங்க இருந்தா உங்களுக்கு எடுக்க வசதியா இருக்கும்?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குவது மரியாதை மட்டுமன்று, நல்ல முறையும்கூட, அதிகம் புழங்குகிறவரே இடத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு எழுத்தைவிடப் படம் உதவும். பொம்மைக் கூடையில் பொம்மைப் படத்தை ஒட்டினால் நான்கு வயதுப் பிள்ளையும் திரும்ப வைத்துவிடும்.

விருந்தினர் திடீரென்று வரும் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும். கேட்டில் வண்டிச் சத்தம் கேட்டவுடன் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அலமாரியில் திணித்து மூடுவதுதான் நம் வழக்கம். வாரக்கணக்கில் செய்த ஒழுங்கை அது ஐந்து நிமிடத்தில் குலைத்துவிடும். அதற்கென்றே ஒரு பெரிய கூடையை ஒதுக்குங்கள். கூடத்தில் சிதறிக் கிடப்பவை எல்லாம் அந்தக் கூடைக்குள் போகட்டும், கூடை படுக்கையறைக்குள் போகட்டும். விருந்தினருக்குத் துப்புரவான கூடத்தைக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை, அதைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் போன அன்றிரவே கூடை காலியாக வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. தீபாவளிக்கு எல்லாரையும் வீட்டுக்கு வரவேற்கும் திறந்த இல்ல விருந்துக்கும் இதுவே பொருந்தும். அன்று மட்டும் கூடைகளின் எண்ணிக்கை கூடும்.

ஆண்டுக்கு ஒருமுறை

நீண்ட பள்ளி விடுமுறையில் ஒரு பகல் ஒதுக்கி, ஆவணப் பையைத் திறந்து, பூசணம் தெரிகிறதா என்று பார்த்து, உறைகளைச் சிறிது நேரம் காற்றாட வையுங்கள். நடப்புத் தாள்களின் கொக்கியில் ஆண்டு முழுவதும் சேர்ந்தவற்றை அப்போதே பிரிக்கலாம். வருமான வரி கட்டுகிறவர்கள், கழிவு கோரிய ரசீதுகளையும் சம்பளக் கணக்கையும் 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆண்டை எழுதி ஒவ்வொன்றையும் தனி உறையில் கட்டிவிட்டால், அந்தக் காலம் முடிந்த உறையை எளிதாக அடையாளம் கண்டு எடுத்துவிடலாம். சொக்சோ கோரிக்கை எதுவும் நிலுவையில் இருந்தால், விபத்து தொடர்பான மருத்துவ விடுப்புச் சீட்டு, போலீஸ் புகார், சம்பளச் சீட்டு ஆகியவற்றில் ஒன்றையும் அது முடியும்வரை கழிக்காதீர்கள். சாதாரண மின்சார, தண்ணீர் பில்களில் கடைசி ஓராண்டுக்குரியவை போதும். கழிக்கும் தாள்களில் பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் இருக்கும் பகுதிகளைத் தனியே கிழித்து, ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்த பிறகு குப்பையில் போடுங்கள்.